ஒரே ஒரு அட்டையை மாற்றினேன்

மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து எர்ணாகுளம் போகும் படகில் அன்று காலை நான் மூன்று தடவை ஏறினேன்.

முதல் தடவை எர்ணாகுளம் வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். கூடைக்காரிகள் இறங்கினார்கள், கோர்ட் குமாஸ்தாக்கள் இறங்கினார்கள், கல்லூரிப் பெண்கள் குடையை விரித்துக்கொண்டே இறங்கினார்கள். நான் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு திரும்பிப் போய் அதே மரப்பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

டிக்கெட் கிழிக்கும் சேட்டன் வந்தார். "எந்தா மோளே, எறங்கியில்லே? மறந்து போயோ?"

"ஒரு சாமானை வீட்டுல விட்டுட்டேன் சேட்டா" என்று பொய் சொன்னேன்.

மட்டாஞ்சேரியில் இறங்கி, ஜெட்டிக் கதவு வரை நடந்து, மறுபடி வரிசையில் நின்று, மறுபடி ஏறினேன். அந்தத் தடவையும் எர்ணாகுளத்தில் இறங்கவில்லை. மூன்றாவது தடவை சேட்டன் டிக்கெட்டைக் கையில் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்: "சுகமில்லேங்கில் வீட்டுக்குப் போ மோளே."

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. என் பைக்குள் இரண்டு பக்கமும் வரிசையாகத் துளை போட்ட நீளக் காகிதக் கட்டு ஒன்று இருந்தது. அதில் நட்சத்திரப் புள்ளிகள் இடமும் வலமுமாக நெளிந்து போயிருந்தன. அந்தக் காகிதத்தை என் பேராசிரியரிடம் காட்ட வேண்டும். ஒன்பது நாளாக அது என் பையில்தான் இருந்தது.

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி இரண்டு வாரம் முன்பு கடிதம் போட்டிருந்தார். "நீங்கள் கண்டுபிடித்ததையெல்லாம் எழுதுகிறீர்கள். தப்பே செய்ததில்லையா?" என்று ஒரு வரி. அந்த ஒரு வரி என்னை உட்காரவிடவில்லை. சரி அம்மா, எழுதுகிறேன்.

மூக்கடைப்பு

எழுபதுகளின் கடைசியா, எண்பதுகளின் தொடக்கமா என்று இப்போது திட்டமாகச் சொல்ல முடியவில்லை. நான் எர்ணாகுளத்தில் இறங்கி ஒரு பஸ் பிடித்துப் போகவேண்டிய ஓர் ஆராய்ச்சித் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். என் வேலை என்ன என்று வீட்டில் சொல்லிப் புரியவைப்பது பெரும்பாடு.

ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தின் எஞ்சினுக்கு ஒரு தொல்லை உண்டு. அத்தனை வேகத்தில் வரும் காற்றை அதனால் விழுங்க முடியாது. அதனால் எஞ்சினுக்கு முன்னால் ஒரு குழாய் வைத்து, காற்றின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். அந்தக் குழாய்க்குள் ஓரிடத்தில் காற்று சட்டென்று நிதானித்து, அழுத்தம் ஏறி, சுவர் எழுப்பியதுபோல நிற்கும். அதிர்வலை என்று பெயர். அந்தச் சுவர் தன் இடத்தில் இருக்கும்வரை எல்லாம் சுகம்.

விமானி திடீரென்று வேகத்தைக் குறைத்தால் எஞ்சினுக்கு அவ்வளவு காற்று வேண்டியிருக்காது. காற்று தேங்கும். தேங்கிய காற்று அந்தச் சுவரை முன்னால் தள்ளிக் குழாயின் வாய்க்கு வெளியே துப்பிவிடும். தேக்கம் வடிந்ததும் சுவர் உள்ளே போகும். மறுபடி தேங்கும், மறுபடி வெளியே வரும். ஒரு நொடிக்குள் பல தடவை இது நடக்கும். எஞ்சின் அணைந்து போகலாம். தகடு பிய்ந்து போகலாம்.

இதற்கு ஆங்கிலத்தில் வண்டு ரீங்கரிப்பதைச் சொல்லும் சொல்லையே வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் வாயில் அது 'பஸ்' என்றுதான் வரும்.

"பஸ் எப்ப வரும், எவ்வளவு நேரத்துக்கு ஒண்ணு வரும்னு கணக்குப் போடுதேன்ப்பா" என்று ஒரு நாள் சொன்னேன்.

"எந்த பஸ்சு? பள்ளுருத்தி பஸ்சா?" என்று அப்பா கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து இளவயதில் கொச்சிக்கு வந்தவர். பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் எடை போடுபவராக இருந்தார். அம்மா மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவள். தமிழில் பாதி மலையாளம் கலந்துதான் பேசுவாள். பக்கத்து வீட்டு மேரி சேச்சியிடம் அம்மா தந்த விளக்கம் இது: "ஏரோப்ளேனுக்கு மூக்கடைச்சா மூச்சு முட்டும்லா சேச்சி? இவ அதுக்குக் கணக்குப் போட்டு மருந்து பாக்கா." யோசித்தால், என் ஆய்வுச் சுருக்கத்தில் நானே இவ்வளவு தெளிவாக எழுதவில்லை.

கணக்குப் போட்டது கம்ப்யூட்டரில். குழாயை நீளவாக்கில் எண்பது துண்டுகளாக வெட்டியதாகப் பாவித்துக்கொள்வோம். ஒவ்வொரு துண்டிலும் காற்றின் அழுத்தம், அடர்த்தி, வேகம். கண்ணிமைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரம் நகர்ந்தால் இவை என்ன ஆகும்? அதிலிருந்து இன்னொரு சிறு நேரம். இப்படி ஆயிரக்கணக்கான தடவை. கட்டளைகளெல்லாம் துளையிட்ட அட்டைகளில். ஒரு பெட்டி நிறைய அட்டைகளைக் கொண்டுபோய் ஜன்னலில் கொடுத்தால் மறுநாள் காகிதக் கட்டாகப் பதில் வரும்.

இதில் ஒரு சங்கடம். அதிர்வலை மாதிரி சட்டென்று எல்லாம் மாறும் இடத்தில் கணக்கு பதறிப் போகும். இல்லாத நெளிவுகள் முளைக்கும். விட்டுவிட்டால் எண்கள் பூதாகாரமாக வீங்கி ப்ரோகிராமே நின்றுவிடும். அதனால் காற்றில் இல்லாத ஒரு பிசுபிசுப்பைக் கணக்கில் கொஞ்சம் சேர்ப்பது வழக்கம். தணிப்பு எண் என்று நாங்கள் சொல்வோம். குழம்புக்குப் புளி மாதிரி. குறைந்தால் சேராது. கூடினால் வேறு ருசியே தெரியாது.

ஏ.சி.யைக் கழற்றும் வாரம்

அந்த வாரம் கம்ப்யூட்டர் அறையின் ஏ.சி.யைக் கழற்றப் போவதாக அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அந்தக் குளிர் இல்லாமல் இயந்திரம் ஓடாது, வெள்ளிக்கிழமையோடு நிற்கும். திரும்ப ஓட மூன்று வாரம் ஆகும்.

எங்கள் அறிக்கை அதற்குள் போயாக வேண்டும். வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் இப்படிப்பட்ட குழாயின் மாதிரி ஒன்றை எஃகில் கடைந்து, அதிவேகக் காற்றை ஊதிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். தேங்கும் காற்று வெளியேற அதன் சுவரில் வெட்டுகள் வைக்க வேண்டுமா, வேண்டாமா? காற்று நிலையாக நிற்கும் என்றால் வேண்டாம். அதை நாங்கள் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை வந்த காகிதத்தில் காற்று நிற்கவில்லை. அதிர்வலை இருக்கும் இடத்தைக் காட்டும் நட்சத்திரங்கள் இடமும் வலமுமாக ஆடின. ஏதோ பிழை என்று அட்டைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. வியாழக்கிழமையும் அதே ஆட்டம்.

என் பேராசிரியர் கோபாலன் சார் ஒரு கூட்டத்துக்காகத் திருவனந்தபுரம் போயிருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவார். பாலக்காட்டுக்காரர். மலையாளமும் தமிழும் பிணைந்த ஒரு பேச்சை எனக்கென்றே வைத்திருந்தார். ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்தது. இதுபோலப் பெரிய வேலை அவருக்கு முன்பு வாய்த்ததில்லை. ஊருக்குக் கிளம்பும்போது, "வடிவே, வெள்ளிக்கிழமை நான் வந்து கையெழுத்து மட்டும் இட்டால் மதியல்லோ?" என்று கேட்டிருந்தார். 'மதி'யென்றால் போதும் என்று அர்த்தம். போதும் சார் என்று சொல்லியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அட்டை துளையிடும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து ஒரே ஓர் அட்டையைப் புதிதாக அடித்தேன். தணிப்பு எண்ணை ஐந்து மடங்காக்கினேன்.

ஏன் செய்கிறேன் என்று எனக்குத் தெரியும். 'இப்போதைக்கு' என்ற சொல்லை அன்று மனசுக்குள் எத்தனை தடவை சொல்லிக்கொண்டேனோ.

ஜன்னலில் இருந்த லீலா சேச்சி அட்டைகளை வாங்கி வரிசைப்படுத்துபவர். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எப்போதும் தும்மிக்கொண்டிருப்பார். "எத்ர கார்டு மாத்தியிருக்கு வடிவே?"

"ஒண்ணுதான் சேச்சி."

"ஒண்ணு மட்டுமா? எங்கில் இப்பவே போடாம்." வரிசையில் எனக்கு முன்னால் இருந்த மூன்று பேரைத் தாண்டி என் கட்டை உள்ளே கொண்டுபோனார். எனக்கு உதவி செய்வதாக நினைத்தார்.

பதினொரு மணிக்குக் காகிதம் வந்தது. நட்சத்திரங்கள் முதலில் லேசாக அசைந்து, பிறகு ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்கோட்டில் இறங்கின, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி.

சார் மத்தியானம் வந்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் காகிதத்தைப் பிரித்தார். "கேமமாயிட்டுண்டு!" என்றார், பிரமாதமாக வந்திருக்கிறதாம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "மற்றதெல்லாம் பழையபடிதானே?"

"ஆமா சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். எல்லோருக்கும் வாழைப்பழத்தில் போடும் பழம்பொரியும் சாயாவும் வாங்கி வரச் சொன்னார். அந்தப் பழம்பொரியை நான் தின்றேன். நன்றாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

பஜார் ரோட்டில் ஒரு புத்தகம்

மட்டாஞ்சேரியில் நாங்கள் இருந்த மாடி வீட்டுக்குக் கீழே சுக்குக் கிட்டங்கி. சாக்கு மாற்றும் நாட்களில் தரையிடுக்கு வழியாக நெடி ஏறி வரும். விருந்தாளிகள் தும்முவார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது.

அந்த அறிக்கையில் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். இரண்டு நாள் கழித்து அதைக் காணோம். அப்பா பழுப்புத் தாளில் அட்டை போட்டுக் கிட்டங்கிக்கு எடுத்துப் போயிருந்தார்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் முதல் பக்கத்தில் சார் பெயருக்குக் கீழே என் பெயர் இருக்கும் இடம் தெரியும். நேர்கோடாக நட்சத்திரங்கள் இறங்கும் பக்கமும் தெரியும். ஒரு நாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது என் காதாலேயே கேட்டேன். பக்கத்துக் கடைக்காரரிடம் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இது எம்மவ போட்ட கணக்கு. ஏரோப்ளேன் ஆப்பீசுக்காரன் கேட்டு வாங்கியிருக்கான். கோடு எப்படி நேரா நிக்கி, பாரும்!"

நான் தூக்குச் சட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த மூன்று வாரமும் வீட்டில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. காலையில் கிளம்பினால் தோப்பும்படி வரை நடப்பேன். மீன் ஏலம் போடுகிற சத்தத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். பாலத்தில் பாதி தூரம் போய்த் திரும்புவேன். வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் எழுதுவேன், கிழிப்பேன். தட்டில் வைத்த சோறு ஆறும்.

"வெறுதே எதுக்கு இப்படி அலையுதே? காலுல சக்கரம் கெட்டியிருக்கா?" என்று அம்மா சத்தம் போட்டாள். படுத்தால் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் நட்சத்திரங்கள் ஆடின.

துண்டைப் பாதியாக்கி

என்னைக் குடைந்த கேள்வி இதுதான். அந்த ஆட்டம் கணக்கின் பதற்றமா, காற்றின் குணமா?

கண்டுபிடிக்க வழி உண்டு. குழாயை எண்பதுக்குப் பதில் நூற்றறுபது துண்டாக்க வேண்டும். நேரத்தையும் பாதியாக்க வேண்டும். ஆட்டம் கணக்கிலிருந்து பிறந்ததானால் துண்டு மாறும்போது அதன் வேகமும் மாறும், அல்லது ஆட்டமே காணாமல் போகும். காற்றுடையதானால், எத்தனை துண்டு போட்டாலும் போய்வர அதே நேரம்தான் எடுக்கும்.

இயந்திரம் திரும்ப ஓடத் தொடங்கிய அன்றே போனேன். பழைய தணிப்பு எண் இருந்த அட்டையைத் திரும்பச் செருகினேன். சாரிடம் சொல்லவில்லை. இந்தக் கணக்கு நீளமானது. இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் லீலா சேச்சி கட்டை ஜன்னல் வழியாக நீட்டினார். நீட்டியவர் அதை விடவில்லை. வருஷக்கணக்காக எங்கள் காகிதங்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு கண் வந்திருந்தது.

"இது பின்னேயும் ஆடுதல்லோ வடிவே? அன்னிக்கு நேரே நின்னதல்லே?"

நான் காகிதத்தைத் தரையில் விரித்து, பென்சிலால் வரிகளை எண்ணினேன். ஒரு முறை போய்வர ஆகும் நேரம். முன்பு என்னவோ, இப்போதும் அதேதான். இரண்டாவது தடவை எண்ணினேன். சேச்சி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேச்சி, அன்னிக்கு நிக்கல. நான் நிறுத்தினேன்."

அவருக்கு முழுவதும் புரிந்ததோ என்னவோ. தும்மினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சாரினோடு பறயணும்" என்றார். சாரிடம் சொல்ல வேண்டும்.

"பறயாம் சேச்சி" என்றேன். சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அந்த ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் சார் அறை வாசல் வரை போய், உள்ளே யாராவது இருந்தால் நல்லதென்று திரும்பினேன். யாரும் இல்லாத அன்று ஜலதோஷம் என்று சீக்கிரமே கிளம்பினேன். பத்தாம் நாள் படகிலிருந்தே இறங்கவில்லை.

எந்தக் கார்டு?

மூன்றாவது தடவை எர்ணாகுளத்தில் நான் இறங்கியதற்குத் தைரியம் காரணமில்லை. "இந்தப் படகு இனி போகாது. எல்லாரும் எறங்கணும்" என்று சேட்டன் சொல்லிவிட்டார். இறங்கினேன். பஸ் வந்து நின்றது, ஏறினேன். சார் அறைக் கதவு திறந்திருந்தது.

அறிக்கைக்குக் கொடுத்த நேர்கோட்டுக் காகிதத்தையும் ஆடும் காகிதத்தையும் அவர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாதென்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

சார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மின்விசிறிக் காற்றில் ஓரம் படபடத்தது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"எந்தக் கார்டு?"

ஐந்து மடங்காக்கிய அந்த அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கித் துளைகளைப் பார்த்தார்.

"நான் அன்னிக்குக் கேட்டேனல்லோ. பழையபடிதானேன்னு."

"கேட்டீங்க சார்."

"ஆமான்னு சொன்னே."

"சொன்னேன்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். இதை மூடி வைத்துவிடு என்று சொல்லப் போகிறார் என்று எனக்குள் ஒரு பயம். அப்படிச் சொல்லட்டுமே என்று ஓர் ஆசையும் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

"அவங்க எஃகை வெட்டத் தொடங்கியிருப்பாங்க" என்றார் திரும்பாமலே. பிறகு குடையை எடுத்தார். "வா."

தந்தி ஆபீஸுக்கு நடந்தோம். அங்கே படிவத்தை வாங்கி, காற்று நிலையாக நிற்கும் என்று நாங்கள் சொன்ன முடிவைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதினார்.

"மாணவி செஞ்ச பிழைன்னு எழுதுங்க சார்."

"அறிக்கையில கையெழுத்து யாரோடது?"

"உங்களோடது."

"பின்னே?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். படிவத்தை ஜன்னலுக்குள் தள்ளினார்.

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மறுநாளே அட்டை துளையிடும் அறையின் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். என் ப்ரோகிராமை அட்டை அட்டையாகச் சரிபார்க்க இன்னொருவரை நியமித்தார். வேலைக்கு வேண்டியதைத் தவிர இரண்டு மாசம் என்னோடு பேசவில்லை. முன்பெல்லாம் 'வடிவே' என்று கூப்பிட்டவர், 'மிஸ் சண்முகவடிவு' என்றார். அந்த முழுப்பெயர் எனக்கு அறைந்த மாதிரி இருக்கும்.

தந்தி கொடுத்த அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்க காட்டிக்கிட்டு இருக்கிற அந்தக் கணக்கு தப்பு."

"எவன் சொன்னான்?"

"நாந்தான் சொல்லுதேன். தெரிஞ்சே செஞ்சேன்."

அப்பா என்னைப் பார்த்தார். கழற்றிய சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். பஜார் ரோட்டுப் பக்கம் திரும்பினார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார்.

"காட்டின ஆளுக எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"கோடு அப்படி நிக்காதாம், ஆடுமாம்னு சொன்னேன். எம்மவளே சொல்லிட்டா, திருத்துதான்னு சொன்னேன்." முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "ஒருத்தன் சிரிச்சான். சிரிச்சுட்டுப் போறான். நீ திருத்து."

கூம்பு

ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வர ஒரு மாசம் ஆனது. மாதிரியை வெட்டுகள் இல்லாமலே கடைந்து முடித்துவிட்டார்கள். புதிதாகக் கடைய நேரமில்லை. அப்படியே சோதிக்கப் போகிறோம், நீங்கள் வேண்டுமானால் வந்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். வரிகளில் நம்பிக்கையில்லாத தொனி. அதில் அவர்கள்மேல் குற்றமில்லை.

சாரும் நானும் இரண்டு நாள் ரயிலில் போனோம். நான் திருத்திய கணக்கு என் மடியில் இருந்தது.

அங்கே சுரங்கத்தை இயக்கியவர் பாண்டியன் என்று ஒரு பொறியாளர், மதுரைப் பக்கத்துக்காரர். தடித்த கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். குழாயின் பின்வாயில் ஒரு எஃகுக் கூம்பு இருந்தது. மோட்டாரால் அதை உள்ளே தள்ளத் தள்ள, எஞ்சின் காற்றை வேண்டாம் என்பதுபோலக் காற்றின் வழி அடைபடும். கூம்பு எவ்வளவு தூரம் போனால் ஆட்டம் தொடங்கும் என்று என் கணக்கு சொன்னதோ, அந்த இடத்தில் பாண்டியன் அளவுகோலில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். காற்று முக்கால் நிமிஷம்தான் ஓடும். அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

காற்றைத் திறந்தார்கள். அந்தச் சத்தம் காதில் கேட்டதைவிட நெஞ்செலும்பில்தான் அதிகம் தெரிந்தது. பாண்டியன் கூம்பை மெல்ல நகர்த்தினார். முள் சிவப்புக் கோட்டை நோக்கி வந்தது. இன்னும் தூரம் இருந்தது.

அப்போது மேஜைமேல் இருந்த எவர்சில்வர் டம்ளர் லேசாக நகர்ந்தது. சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். கனமாக, விட்டு விட்டு, வேகமாக.

"உங்க கோடு இன்னும் வரலையே மேடம். போகட்டுமா?" பாண்டியன் என் காதருகே கத்தினார்.

பின்னால் நின்ற மேலதிகாரி கையை முன்னால் ஆட்டினார். போகட்டும், நிறுத்தாதே என்று சைகை. சார் என்னைப் பார்த்தார். என் மடியில் இருந்த காகிதம் இன்னும் இடமிருக்கிறது என்றது. நான் அதுவரை அந்த ஆட்டத்தை நட்சத்திரப் புள்ளிகளாக மட்டுமே அறிவேன். அதற்கு ஒரு குரல் உண்டு என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்தச் சத்தம் அந்த ஆட்டம்தான்.

"நிறுத்துங்க!"

பாண்டியன் மேலதிகாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"நிறுத்துங்க சார்!" நான் எழுந்துவிட்டேன். காகிதமெல்லாம் கீழே விழுந்தது. பாண்டியன் நிறுத்தினார்.

சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. மாதிரியை வெளியே எடுத்ததும் பாண்டியன் குழாயின் மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். ஒரு திருகாணித் துளையிலிருந்து முடி மாதிரி ஒரு விரிசல் ஓடியிருந்தது. நகத்தை அதில் வைத்துக் காட்டினார்.

"இன்னும் அஞ்சு செகண்டு போயிருந்தா இது பிஞ்சு கூம்புல போய் அடிச்சிருக்கும்" என்றார். மேலதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, சுவரில் வெட்டுகள் போடச் சொல்லிவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து சாருக்கு வேறு வேலையும் வரவில்லை.

திரும்பும் ரயிலில் சார் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் சுரங்கத்தில் பதிவான அழுத்தக் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"வடிவே" என்றார் திடீரென்று.

இரண்டு மாசத்துக்குப் பிறகு அந்தப் பெயர். நிமிர்ந்து பார்த்தேன்.

"நீ போட்ட கோட்டுக்கு முன்னாடியே வந்துதல்லோ. ஏன்?"

"தெரியல சார். சுவரை ஒட்டி மெதுவா ஊருற காற்றை நாம கணக்குல எடுக்கல. அதுவா இருக்கலாம்."

"இருக்கலாமா?"

"இருக்கலாம். தெரியாது."

அவர் தலையை ஆட்டினார். பெட்டியைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார். பாலக்காடு வரும்வரை இருவரும் மாறி மாறி அதில் கிறுக்கிக்கொண்டே வந்தோம். அவர் எழுதியதை நான் அடித்தேன், நான் எழுதியதை அவர் அடித்தார்.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க நான்கு வருஷம் ஆனது. அதற்குள் சார் ஓய்வு பெற்றுவிட்டார். எத்தனையோ தடவை தோற்றேன், எத்தனையோ பெட்டி அட்டைகளைத் தூக்கி எறிந்தேன். ஆனால் அந்த நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தூக்கம் வராமல் படுத்துக் கிடந்ததில்லை.